ராஷ்ஃபோர்டு கேட்டதும் கிடைத்ததும்: ஒரு கால்பந்து வீரரின் அறப்பணியும் பிள்ளைகளுக்கு வழிகாட்டும் வேலையும்

கேள்வி: மான்செஸ்டர் யுனைடெட் வீரராக இருந்தபோது மார்கஸ் ராஷ்ஃபோர்டு இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு கிடைக்கச் செய்தார் என்கிறார்கள். உண்மையில் அவர் என்ன செய்தார்? பணம் கொடுத்தாரா, அரசாங்கத்தைப் பணிய வைத்தாரா? இப்படி ஒரு வீரர் இளைஞர்களுக்கு வழிகாட்ட முன்வந்தால் அதை எப்படி நடத்தினால் பலன் இருக்கும்?

அவர் கையிலிருந்து எவ்வளவு போனது என்பதைத் தேடினால் விஷயம் பிடிபடாது. காரியம் நடந்தது வேறு வழியில். தனியாகக் கிடங்கும் லாரியும் வாங்கிக்கொண்டு அவர் ஆரம்பிக்கவில்லை. ஏற்கெனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஓர் அமைப்பைத் தேடிப் போய் அதற்குத் தோள் கொடுத்தார். அரசிடம் கேட்டபோது, இத்தனை பிள்ளைகள், இத்தனை வாரம், இவ்வளவு தொகை என்று எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றைக் கேட்டார். கேட்டது கிடைத்த பிறகும், அது வீட்டுக்கு வந்து சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டிருந்தார். இளைஞர் வழிகாட்டல் திட்டங்களில் எது நின்றது, எது விழுந்தது என்று பார்த்தாலும் இதே காரணங்கள்தான் தென்படுகின்றன. முதலில் உணவு விஷயத்தை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் முதல் மூன்று வகுப்புகளில் படிக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் 2014 செப்டம்பர் முதல் மதிய உணவு இலவசம். அதற்கு மேல் வருமான வரம்பு உண்டு. யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்கும் குடும்பமாக இருந்தாலும், சம்பாத்தியம் ஆண்டுக்கு 7,400 பவுண்டுக்குக் கீழே இருந்தால்தான் பிள்ளைக்கு இலவச உணவு என்று 2018 ஏப்ரலில் விதி வந்தது. உதவித்தொகை இந்தக் கணக்கில் சேராது. 2020-ல் இந்த வரம்புக்குள் வந்தவர்கள் சுமார் 13 லட்சம் பிள்ளைகள். இத்தனை பேருக்கும் உணவு கிடைக்கும் இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான். 2020 மார்ச் 20-ஆம் தேதியோடு கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டதும் அந்த ஒரே வழியும் அடைபட்டது.

அப்போது ராஷ்ஃபோர்டுக்கு 22 வயது. ஜனவரியில் உல்வ்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்தில் முதுகெலும்பில் விரிசல் ஏற்பட்டு மைதானத்துக்கு வெளியே இருந்தார். அவர் போய்ச் சேர்ந்த இடம் ஃபேர்ஷேர். 1994-ல் தொடங்கிய ஏற்பாடு அது. சூப்பர் மார்க்கெட்டுகளும் உணவுத் தொழிற்சாலைகளும் விற்க முடியாமல் மிஞ்சும் நல்ல உணவை வாங்கி, தரம் பிரித்து, பள்ளிக் காலை உணவு மன்றங்கள், வீடற்றோர் விடுதிகள், சமூக மையங்கள் போன்ற ஆயிரக்கணக்கான இடங்களுக்கு அனுப்புகிறார்கள். கிடங்கு, குளிர்பதன வசதி, ஓட்டுநர்கள், தொண்டர்கள், யாருக்கு என்ன தேவை என்ற பட்டியல் எல்லாமே கையில் தயாராக இருந்தது. குறைந்தது பணமும் சரக்கும். ராஷ்ஃபோர்டு தன் சமூக ஊடகப் பக்கங்களில் கேட்டார். பொதுமக்கள் பத்து, இருபது பவுண்டு என்று அனுப்பினார்கள், பெரிய கடைகள் சரக்காகவும் பணமாகவும் கொடுத்தன. ஜூன் மாதத்துக்குள் சுமார் 2 கோடி பவுண்டு மதிப்புக்குச் சேர்ந்தது. புதிதாக ஓர் அமைப்பைப் பதிவு செய்து ஆரம்பித்திருந்தால், முதல் மூன்று மாதம் வங்கிக் கணக்கு திறக்கவும் கிடங்கு பிடிக்கவுமே சரியாக இருந்திருக்கும். அந்த மூன்று மாதம்தான் பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடந்த மூன்று மாதம்.

அரசும் சும்மா இருக்கவில்லை. பள்ளி உணவுக்குப் பதிலாகப் பிள்ளை ஒன்றுக்கு வாரம் 15 பவுண்டு மதிப்புள்ள வவுச்சர் கொடுத்தது. ஆரம்ப வாரங்களில் அந்த இணையதளம் திணறியது. பள்ளி ஊழியர்கள் இரவு முழுக்க வரிசையில் காத்திருந்து பதிவு செய்தார்கள். கடையில் நீட்டினால் ஏற்கவில்லை என்ற புகார்களும் வந்தன. அதையும் தாண்டி ஓட ஆரம்பித்தபோது அடுத்த சிக்கல் எழுந்தது. வவுச்சர் பள்ளி நாட்களுக்கு மட்டும்தான், கோடை விடுமுறையில் கிடையாது என்று அரசு சொல்லிவிட்டது.

ஜூன் 15-ஆம் தேதி ராஷ்ஃபோர்டு எம்.பி.க்கள் அனைவருக்கும் ஒரு திறந்த கடிதம் வெளியிட்டார். அம்மா முழுநேர வேலை பார்த்தும் குறைந்தபட்ச ஊதியம் வீட்டுக்குப் போதவில்லை என்பதை அதில் எழுதினார். பள்ளிக் காலை உணவு, இலவச மதிய உணவு, அக்கம்பக்கத்தார், கால்பந்துப் பயிற்சியாளர்கள் ஆகியோரின் தயவில்தான் குடும்பம் ஓடியது என்றும், கிறிஸ்துமஸ் சாப்பாட்டை இலவசமாக வாங்கி வர ஆண்டுதோறும் மான்செஸ்டரின் நார்தர்ன் மோர் பகுதிக்குப் போவார்கள் என்றும் எழுதினார். கடிதத்தின் கோரிக்கை ஒன்றே ஒன்று: கோடைக்கும் வவுச்சரை நீட்டுங்கள். அன்று முடியாது என்ற அரசு, மறுநாள் ஜூன் 16-ஆம் தேதி ஒப்புக்கொண்டது. ஆறு வாரம், வாரம் 15 பவுண்டு, பிள்ளைக்கு 90 பவுண்டு. 13 லட்சம் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டால் 11 கோடியே 70 லட்சம். அரசு ஒதுக்கியது 12 கோடி பவுண்டு. கோரிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தது என்பது இந்தப் பெருக்கலிலேயே தெரியும். ‘குழந்தை வறுமையை ஒழியுங்கள்’ என்று கேட்டிருந்தால் ஒரு குழு அமைத்திருப்பார்கள்.

இங்கே ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்த ஜூன் 16-ஆம் தேதியே, அப்போது எதிர்க்கட்சியாக இருந்த லேபர் கட்சி இதே விஷயத்தை நாடாளுமன்றத்தில் விவாதத்துக்கு வைத்திருந்தது. தன்னார்வ அமைப்புகள் வழக்குக்குத் தயாராக இருந்தன. வேல்ஸ் அரசு கோடைக்கும் கொடுப்பதாக முன்பே அறிவித்துவிட்டது. பல வருடமாக உணவு வறுமையைப் பற்றிப் புள்ளிவிவரம் சேர்த்து வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். அவர் ஒருவராகவே சாதித்தார் என்று சொல்வது அவர்கள் உழைப்புக்கு அநியாயம். அவர்கள் எல்லோரும் தள்ளியும் நகராமல் நின்றதை, அந்தப் பசியைத் தானே அனுபவித்த, நாடே அறிந்த ஓர் இளைஞன் வந்து பேசியதும் நகர்ந்தது. வீரரின் பெயருக்கு இருக்கும் சரியான உபயோகம் அது.

செப்டம்பரில் அவர் கடைச் சங்கிலிகளையும் உணவு நிறுவனங்களையும் சேர்த்து ஒரு பணிக்குழு அமைத்தார். டெஸ்கோ, ஆல்டி, சைன்ஸ்பரிஸ், லிடில், கெல்லாக்ஸ் போன்றவை அதில் இருந்தன. குழு மூன்று கோரிக்கைகளை வைத்தது. யுனிவர்சல் கிரெடிட் வாங்கும் எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் பள்ளி உணவு இலவசமாக வேண்டும். விடுமுறைக் கால உணவும் விளையாட்டும் சேர்ந்த திட்டம் நாடு முழுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள ஏழைக் குடும்பங்களுக்கும் பால், பழம், காய்கறி வாங்கத் தரும் ஹெல்தி ஸ்டார்ட் வவுச்சரை வாரம் 3.10 பவுண்டிலிருந்து 4.25 ஆக உயர்த்த வேண்டும். இந்த மூன்றும் அரசே நியமித்த தேசிய உணவு உத்தி அறிக்கையில் ஏற்கெனவே இருந்த பரிந்துரைகள். புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், நிபுணர்கள் கணக்கிட்டு வைத்ததை எடுத்துப் பேசினார்கள். எதிர்த் தரப்பால் ‘விளையாட்டு வீரனுக்கு என்ன தெரியும்’ என்று தள்ளிவிட முடியாமல் போனதற்கு இது பெரிய காரணம்.

அக்டோபர் 21-ஆம் தேதி நாடாளுமன்றத்தில் விடுமுறை உணவுத் தீர்மானம் 261-க்கு 322 என்ற வாக்குகளில் தோற்றது. அடுத்த நாளே நகர மன்றங்களும் சின்னச் சின்ன உணவகங்களும் மீன் வறுவல் கடைகளும் ‘விடுமுறை வாரத்தில் எங்களிடம் பிள்ளைகள் வந்து சாப்பிடலாம்’ என்று அறிவிக்க ஆரம்பித்தன. ராஷ்ஃபோர்டு மணிக்கணக்கில் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பகிர்ந்தார். ஊர் பெயர், கடை பெயர், என்ன கிடைக்கும் என்ற தகவல் ஒரு தாய் தேடும் நேரத்தில் ராஷ்ஃபோர்டின் சமூக ஊடகப் பக்கத்தில் இருந்தது. அந்த மூன்று கோரிக்கைகளுக்காக அவர் தொடங்கியிருந்த இணைய மனுவில் கையெழுத்து பத்து லட்சத்தைத் தாண்டியது. நவம்பர் 8-ஆம் தேதி அரசு மறுபடி இறங்கி வந்தது: நகர மன்றங்கள் வழியாகக் குளிர்கால உதவிக்கு 17 கோடி பவுண்டு, விடுமுறைத் திட்டத்துக்கு 22 கோடி வரை, ஹெல்தி ஸ்டார்ட் 2021 ஏப்ரலிலிருந்து 4.25.

விடுமுறைத் திட்டத்தின் வடிவத்தை கவனிக்க வேண்டும், ஏனென்றால் விளையாட்டுச் சங்கங்களுக்கு நேரடியாகப் பயன்படுவது அதுதான். கோடையில் நான்கு வாரம், ஈஸ்டருக்கு ஒரு வாரம், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம். வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு நான்கு மணி நேரம். தினமும் ஒரு வேளை நல்ல சாப்பாடு, கூடவே ஓடியாடும் விளையாட்டு, சத்துணவு பற்றிய பாடம். கால்பந்து கிளப்புகளின் அறக்கட்டளைகள் பலவும் இதை நடத்துகின்றன. பிள்ளை ‘இலவசச் சாப்பாட்டுக்கு’ என்று வருவதில்லை, விளையாட வருகிறது. வெட்கம் என்ற தடை அங்கேயே விலகிவிடுகிறது.

இனி, எங்கே பிசகியது என்பது. 2021 ஜனவரியில் பள்ளிகள் மறுபடி மூடியபோது, வவுச்சருக்குப் பதிலாக உணவுப் பொதி அனுப்புவதை அரசு முன்வைத்தது. ஜனவரி 11-ஆம் தேதி ஒரு தாய் தன் வீட்டுத் தரையில் பொதியைப் பிரித்து வைத்துப் படம் எடுத்து வெளியிட்டார். ஒரு ரொட்டி, இரண்டு உருளைக்கிழங்கு, ஒரு டின் பீன்ஸ், சில சீஸ் துண்டுகள், இரண்டு கேரட், மூன்று ஆப்பிள், இரண்டு வாழைப்பழம், ஒரு தக்காளி, ஒரு பை பாஸ்தா, இன்னும் ஒன்றிரண்டு சிறு பொருள்கள். பத்து நாளுக்கு 30 பவுண்டு மதிப்புள்ள உணவு என்று நினைத்து வாங்கியது, கடை விலையில் 5.22 பவுண்டுதான் வந்தது என்று கணக்கும் எழுதினார். அனுப்பிய சார்ட்வெல்ஸ் நிறுவனம், அது ஐந்து நாள் பொதி என்றும், பொருள், பொதியல், விநியோகம் எல்லாம் சேர்த்து 10.50 பவுண்டு என்றும் விளக்கம் தந்து மன்னிப்புக் கேட்டது. ராஷ்ஃபோர்டு படத்தைப் பகிர்ந்து, நிறுவனத்தோடும் பேசினார். அடுத்த வாரமே வவுச்சர் முறை திரும்பியது.

பிசகியதற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரு பொதி என்று தனித்தனியாகக் கட்டி அனுப்பும்போது, பணத்தின் கணிசமான பங்கு அட்டைப்பெட்டிக்கும் வண்டிக்கும் கூலிக்கும் போய்விடுகிறது. பள்ளிச் சமையலறையில் நூறு பேருக்குச் சேர்த்துச் சமைக்கும்போது கிடைக்கும் சிக்கனம் அங்கே இல்லை. அதோடு, 15 பவுண்டு வவுச்சரோடு கடைக்குப் போகும் தாய் எந்தக் கடையில் எது மலிவு, தன் பிள்ளை எதைத் தின்னும் என்பதை அறிந்தவர். பொருளாகக் கொடுப்பதா, வவுச்சராகக் கொடுப்பதா என்று யோசிக்கும் எந்த உதவிக் குழுவும் இந்தப் பொதியின் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். பெரும்பாலும் வவுச்சரே வெல்லும்.

மூன்று கோரிக்கைகளில் முதலாவது நெடுங்காலம் நிறைவேறவில்லை. 2025 ஜூனில்தான், யுனிவர்சல் கிரெடிட் வாங்கும் எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் 2026 செப்டம்பர் முதல் இலவச உணவு என்று அரசு அறிவித்தது. கூடுதலாகச் சுமார் 5 லட்சம் பிள்ளைகள் பயன்பெறுவார்கள் என்பது அரசின் கணக்கு. இடையில் ஐந்து ஆண்டு. ராஷ்ஃபோர்டின் ஆட்டம் ஏறியும் இறங்கியும், கிளப் மாறியும் போன ஐந்து ஆண்டு அது. கோரிக்கையைச் சுமந்தவர்கள் அந்தப் பழைய அமைப்புகள்தான்.

அவருடைய இன்னொரு வேலையையும் தொட்டுவிடுகிறேன். மேக்மில்லன் பதிப்பகத்தோடு ஒரு வாசிப்பு மன்றம் ஆரம்பித்தார். 2021-ல் முதல் நூலின் 50,000 பிரதிகள் பள்ளிக் காலை உணவு கொடுக்கும் மேஜிக் பிரேக்ஃபாஸ்ட் அமைப்பு வழியாக இலவசமாகப் போயின. புத்தகத்தைத் தனியாக விநியோகிக்காமல், பிள்ளைகள் தினமும் கூடும் காலை உணவு மேசைக்கே அனுப்பியதுதான் அதில் கெட்டிக்காரத்தனம்.

இப்போது வழிகாட்டலுக்கு வருவோம். இதில் என் கருத்து கறாரானது: நட்சத்திர வீரரே நேரடி வழிகாட்டியாக இருப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். வாரம் இரண்டு ஆட்டம், வெளியூர்ப் பயணம், காயம், திடீர் கிளப் மாற்றம் என்று இருப்பவரால் ஒரு பதின்மூன்று வயதுப் பையனுக்கு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வந்து நிற்க முடியாது. வராமல் போவது வெறும் ஏமாற்றத்தோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் திட்டத்தில் 10 முதல் 16 வயது வரையுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2002-ல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. வழிகாட்டியோடு ஓராண்டும் அதற்கு மேலும் உறவு நீடித்த பிள்ளைகளுக்குத்தான் அதிகப் பலன் கிடைத்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோன உறவுகளில் பிள்ளையின் தன்மதிப்பு முன்பிருந்ததைவிடக் குறைந்தது. ஏற்கெனவே பெரியவர்களால் கைவிடப்பட்ட பிள்ளைக்கு இன்னொரு கைவிடல் அது. ஆகவே ஓராண்டு வர முடியாத ஆளை வழிகாட்டியாகப் போடவே கூடாது, அவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும்.

அப்படியானால் வீரருக்கு இதில் என்ன இடம்? ஜிம்பாப்வேயின் புலவாயோ நகரம் நல்ல பதில் தருகிறது. ஹைலேண்டர்ஸ் கிளப்பில் ஆடிய வீரர்கள் சிலர், அவர்களில் பின்னாளில் குழந்தை மருத்துவரான டாமி கிளார்க்கும் ஒருவர், 2002-ல் கிராஸ்ரூட் சாக்கர் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கூட ஆடியவர்கள் எச்.ஐ.வி.யால் இறப்பதையும், அதைப் பற்றி யாரும் வாய் திறக்காததையும் பார்த்தவர்கள் அவர்கள். ஊரில் கால்பந்து வீரர் பேச்சை இளைஞர்கள் கேட்டார்கள். ஆனால் திட்டம் வளர வளர, அன்றாடம் பிள்ளைகளோடு நிற்பவர்களாக அந்தந்தப் பகுதி இளைஞர்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்து ‘கோச்’ ஆக்கினார்கள். பிள்ளைகளைவிடச் சில வயது மூத்தவர்கள், அதே தெருக்காரர்கள், அதே மொழி பேசுபவர்கள்.

அவர்களுடைய ஒரு விளையாட்டைச் சொன்னால் முறை புரியும். தரையில் கூம்புகளை வரிசையாக வைக்கிறார்கள். ஒவ்வொரு கூம்பும் ஓர் ஆபத்து: பாதுகாப்பில்லாத உறவு, ஒரே நேரத்தில் பலரோடு உறவு, வயதில் மிக மூத்தவரோடு உறவு, குடி. பந்தை உருட்டிக்கொண்டு கூம்புகளில் படாமல் போக வேண்டும். முதல் சுற்றில் பந்து கூம்பில் பட்டால் பட்டவர் மட்டும் தண்டால் எடுக்கிறார். அடுத்த சுற்றில் அவருடைய அணி முழுவதும் எடுக்கிறது. அதற்கடுத்த சுற்றில் மைதானத்தில் இருக்கும் அத்தனை பேரும் எடுக்கிறார்கள். முடிந்ததும் வட்டமாக உட்காரவைத்து கோச் கேட்கிறார்: உன் தவறுக்கு அவன் ஏன் தண்டால் எடுத்தான்? ஒருவருக்கு வந்த நோய் வீட்டையும் தெருவையும் எப்படித் தொடுகிறது என்பதைப் பிள்ளைகளே வாய்விட்டுச் சொல்கிறார்கள். கரும்பலகையில் எழுதிப் போட்டால் இந்தப் பேச்சு வரவே வராது. பாடம் விளையாட்டுக்குள் இருப்பதால் ‘அறிவுரை நேரம்’ என்று எவரும் நழுவுவதில்லை.

இதே அமைப்பு புலவாயோவில் எச்.ஐ.வி. தொற்றைக் குறைக்கும் விருத்தசேதனச் சிகிச்சையை (ஆணுறுப்பின் முன்தோலை நீக்குவது) பதின்பருவப் பையன்களிடம் எடுத்துச் சென்றபோது, 26 பள்ளிகளில் முறையாக ஒப்பிட்டுச் சோதித்தார்கள். திட்டம் நடந்த பள்ளிகளில் சிகிச்சைக்குப் போனவர்கள் மற்றப் பள்ளிகளைப் போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு. மைதானத்தில் நடந்தது ஒரு மணி நேர அமர்வு ஒன்றுதான். தானே அந்தச் சிகிச்சை செய்துகொண்ட கோச் தன் அனுபவத்தை மறைக்காமல் சொல்வார். பிறகு பையன்களுக்குத் தொலைபேசியில் பேசி, போக விரும்புகிறவனைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனை வாசல் வரை வருவார். பேச்சோடு நிற்காமல் கூடவே நடந்து போன அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மற்றதை மட்டும் காப்பியடிக்கும் திட்டங்கள்தான் ஏராளம்.

பயிற்சி வகுப்புக்கு எடுத்துக்கொள்ளத் தக்க இன்னொரு முறை ‘ஃபுட்பால்-3’. 1994-ல் உலகக் கோப்பையில் சேம்சைடு கோல் போட்ட கொலம்பிய வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் மெடலினில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு அந்த நகரின் வன்முறைப் பகுதிகளில் பிறந்த ஆட்டமுறை இது. நடுவர் கிடையாது. முதலில் பத்துப் பதினைந்து நிமிடம் இரு அணிகளும் உட்கார்ந்து விதிகளைத் தாங்களே தீர்மானிக்கின்றன: ஃபவுல் ஆனால் யார் கை தூக்குவது, கோல் போட்டால் எல்லோரும் சேர்ந்து கொண்டாடுவதா, இப்படி. பிறகு ஆட்டம், ஓர் இளம் மத்தியஸ்தர் வெளியே நின்று குறிப்பு மட்டும் எடுக்கிறார். கடைசியில் மறுபடி உட்கார்ந்து, ஒப்புக்கொண்ட விதியை எதிரணி எவ்வளவு காப்பாற்றியது என்று பேசி நேர்மைப் புள்ளி கொடுக்கிறார்கள். அந்தப் புள்ளி கோல் புள்ளியோடு சேருவதால், ஆட்டத்தில் வென்ற அணி மொத்தத்தில் தோற்கவும் வழி உண்டு. மெடலினில் ஓர் அணியின் முதல் கோலை ஒரு பெண்தான் போட வேண்டும் என்று விதி வைத்தார்கள். பையன்கள் பெண்களுக்குப் பந்து கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தது. நேரம் போதவில்லை என்று முன்பேச்சையும் பின்பேச்சையும் சுருக்குவது நடத்துபவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. பேச்சைச் சுருக்கினால் மிஞ்சுவது நடுவரில்லாத சண்டைதான். நேரம் குறைவென்றால் ஆட்டத்தைச் சுருக்குங்கள்.

நடத்த நினைப்பவருக்கு அளவுகள் சிலவும் சொல்கிறேன். பிரிட்டனின் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பான என்.எஸ்.பி.சி.சி. சொல்லும் விகிதம்: 4 முதல் 8 வயதுக்கு ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர், 9 முதல் 12 வயதுக்கு எட்டுக்கு ஒருவர், 13 முதல் 18 வயதுக்குப் பத்துக்கு ஒருவர், எந்த நிலையிலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள். அந்த இரண்டு என்பதை ஒரு நாளும் தளர்த்தக் கூடாது. ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைய வகுப்பை ரத்து செய்யலாம், தனி ஆளாக நடத்தக் கூடாது. பிள்ளையோடு தனியறையில் பேச்சு, தனி வண்டியில் பயணம், இரவில் தனி வாட்ஸ்அப் செய்தி ஆகிய மூன்றுக்கும் முதல் நாளே தடை போட்டுப் பெற்றோருக்கும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். தனியாகப் பேச வேண்டியது வந்தால் மைதானத்தின் ஓரத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரிய, காதுக்கு மட்டும் எட்டாத தூரத்தில் பேசலாம். வருபவர் பிரபல வீரர் என்பதற்காக இந்த விதியில் சலுகை காட்டினால், அந்த ஓட்டை வழியாகத்தான் கேடு வரும்.

ஒன்பது முதல் பதினான்கு வயது வரை 4-ஆம் எண் பந்து, அதற்கு மேல் 5-ஆம் எண். இரண்டு பிள்ளைக்கு ஒரு பந்தாவது இருந்தால்தான் யாரும் வரிசையில் நின்று சலிக்க மாட்டார்கள். ஒன்றரை மணி நேர வகுப்பில் கடைசி இருபது நிமிடத்தைப் பேச்சுக்கு ஒதுக்குங்கள். வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றோ மறுநாளோ யாராவது போய் விசாரிக்க வேண்டும். வருகைப் பதிவேட்டின் முழு உபயோகமும் அதுதான். தொடர்ந்து இரண்டு வாரம் வராத பிள்ளைக்கு வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பணம் எங்கே போக வேண்டும் என்பதில் நன்கொடையாளர்கள் அடிக்கடி சறுக்குகிறார்கள். ஜெர்சி, ஷூ, கோப்பை, பேனர் ஆகியவற்றுக்கு உடனே பணம் வரும். கோச்சின் மாதச் சம்பளத்துக்கு வராது. ஆனால் உள்ளூர் கோச் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டால், மேலே சொன்ன ஆய்வின்படி பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டிய பலன் குறைந்துவிடும். இந்தக் குறையை ஓரளவு சரி செய்யும் ஏற்பாட்டை 2017 ஆகஸ்டில் ஸ்பெயின் வீரர் ஹுவான் மாட்டா தொடங்கினார். காமன் கோல் என்று பெயர். சேரும் வீரர் சம்பளத்தில் 1 சதவீதத்தைப் பொது நிதிக்குக் கொடுக்கிறார். நிதி, கால்பந்து வழியாகச் சமூக வேலை செய்யும் உள்ளூர் அமைப்புகளுக்குப் போகிறது. மாட்ஸ் ஹம்மல்ஸ், ஜார்ஜியோ கியெல்லினி, அலெக்ஸ் மார்கன், மேகன் ரபினோ என்று பலர் சேர்ந்தார்கள். தொகை சம்பளத்தோடு கட்டப்பட்டிருப்பதால் ஆண்டுதோறும் வரும். பலருடைய பணம் ஒன்றாகச் சேர்வதால் ஒருவர் ஓய்வு பெற்றாலும் நின்றுவிடாது. மாட்டா அந்த ஆண்டு மும்பையில் கஃப் பரேடு பகுதியின் அம்பேத்கர் நகருக்கு வந்து பார்த்த ஆஸ்கார் அறக்கட்டளையும் இந்த வகைதான். அந்தக் குடிசைப் பகுதியிலேயே வளர்ந்த அசோக் ராத்தோட் தொடங்கியது. பள்ளிக்குப் போகாவிட்டால் ஃபுட்பால் கிடையாது என்பது அதன் விதி. படிப்பை விட்டுவிட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவர வைத்த விதி.

இத்தனைக்குப் பிறகும் பிரபல வீரர் நேரில் வருவதில் பயன் உண்டா என்றால், உண்டு, சரியான நேரத்தில் வந்தால். திட்டம் ஆரம்பிக்கும் நாளில் அவரைக் கூப்பிட்டால் முந்நூறு பிள்ளைகள் வந்து, அடுத்த வாரம் முப்பது பேர் மிஞ்சுவார்கள். ஆறு மாதம் ஓடிய பிறகு, தொடர்ந்து வந்த பிள்ளைகள் மட்டும் இருக்கும் சாதாரண வகுப்பு நாளில் வரச் சொல்லுங்கள். கேமராவை முதல் பத்து நிமிடத்தோடு வெளியே அனுப்பிவிடலாம். அவர் தனி வகுப்பு எடுக்க வேண்டாம். கோச் நடத்தும் வகுப்பில் ஓர் அணியில் ஆடட்டும், கோச் சொல்வதைக் கேட்டு நடக்கட்டும். பிள்ளைகள் கண்ணில் அந்த உள்ளூர் கோச்சின் மதிப்பு அன்றைக்கு உயரும். அடுத்த செவ்வாய்க்கிழமை வரப்போவது அந்த கோச்தான்.